கட்டி என்று சொல்லிவிட்டேன்

ஏப்ரல் 30, புதன்

இந்த டைரி உரக் கம்பெனி கொடுத்தது. என் வீட்டுக்காரரின் கடைக்கு வருஷா வருஷம் வரும். நாலு மாதமாகப் பால் கணக்குக்குக்கூட ஆகாமல் கிடந்ததை இன்றைக்கு எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் விவசாயிகளுக்கு ஒரு குறிப்பு அச்சடித்திருக்கிறான். இன்றைய குறிப்பு: கோடை உழவு செய்தால் மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலில் சாகும். இன்று என் நிலைமையும் அதுதான்.

நத்தம் ரோட்டில் ஒரு மண்டபத்தில் முகூர்த்தம். மணமகள் அறையில் ஏசி இருந்தது, ஓடவில்லை. நான் திண்டுக்கல்லில் ஒன்பது வருஷமாக மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். இந்தத் தொழிலில் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு செய்கிற வேலை ஒன்றுகூடக் கிடையாது. சடை, பூ, நெற்றிச்சுட்டி, ஐலைனர், எல்லாவற்றுக்கும் கையைத் தூக்க வேண்டும். தூக்கினால் என் அக்குள் சரியாகப் பெண்ணின் மூக்குக்கு நேரே வந்து நிற்கும்.

ஐலைனர் போடும்போது இன்றைய பெண் மூச்சை அடக்கிக்கொண்டாள். கோடு ஆடக் கூடாது என்று மூச்சை அடக்குகிற பெண்கள் உண்டு. அவர்கள் கோடு முடிந்ததும் விட்டுவிடுவார்கள். இவள் நான் பிரஷ் எடுக்க அந்தப் பக்கம் திரும்பியபோதுதான் விட்டாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய சித்தி வந்து ரூம் ஸ்பிரேயை அடித்துவிட்டு, "பூ வாடை தலைய வலிக்குது" என்றார். நல்ல மனுஷி. பூவின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போனார்.

படிகாரம், எலுமிச்சை, ஆப்ப சோடா, கடையில் உள்ள அத்தனை ரோல்-ஆன்களும் பார்த்தாயிற்று. கறுப்பைத் தவிர வேறு நிறத்தில் குர்தா வாங்கி எத்தனையோ வருஷம் ஆகிறது. குர்தாவுக்குள் கைக்கடியில் நானே துணி மடித்துத் தைத்துக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு மூன்று வேளை குளிக்கிறேன். குளிக்காதவள் என்று உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. என் அம்மாவின் பெயர் பரிமளம். கடவுளுக்குக் குசும்பு ஜாஸ்தி.

வீட்டுக்காரர் மட்டும் இந்த எட்டு வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. உரமும் பூச்சிமருந்தும் விற்கிறவர். அவருடைய மூக்கு கடையிலேயே செத்துப்போய்விட்டது. இந்த ஒரு விஷயத்தில் நான் கொடுத்து வைத்தவள்.

மே 3, சனி

நாகல்நகரில் அம்மா வீட்டில் என் தங்கை அகிலாவைப் பெண் பார்க்க வந்தார்கள். அகிலா கூட்டுறவு பேங்கில் வேலை பார்க்கிறாள். முப்பது வயது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சம்பந்தம் பத்திரிகை அடிக்கிற வரை வந்து நின்றுபோனது. அதற்குப் பிறகு அம்மா தூங்குகிற நேரத்தைவிடப் பஞ்சாங்கம் பார்க்கிற நேரம் அதிகம்.

மாப்பிள்ளை பிரபாகர். பெரியகுளம். மில்லில் எலக்ட்ரிகல் இன்ஜினியர். நல்ல பையன், அகிலா கொடுத்த கேசரியைச் சாப்பிட்டுவிட்டு "உப்பு சரியா இருக்கு" என்று உளறினான். அகிலா சிரித்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து நாளாகிறது. அப்பா இல்லாத வீடு என்பதால் என் வீட்டுக்காரர்தான் முன்னால் நின்று பேசினார்.

மாப்பிள்ளையின் அம்மா ராஜேஸ்வரியைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. ரிட்டையர்டு டீச்சர். சோபாவில் உட்காரச் சொன்னால் உட்காராமல், ஸ்டூலை இழுத்து ஜன்னலோரம் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்தார். இந்த வெயிலில் முழங்கை வரை கறுப்பு ஜாக்கெட். கோழி இறக்கையை ஒடுக்கிக்கொள்கிற மாதிரி இரண்டு கையையும் விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டிருந்தார். ஒரு டப்பா பவுடரையே மேலே கொட்டிக்கொண்டு வந்த மாதிரி வாசனை. பெண் பிடித்துவிட்டது, பூ வைத்துவிடலாம் என்றார்கள். கணவர் இல்லாவிட்டாலும் தலையில் பூவோடு வந்தவர், மாமியாராக வரப்போகிறவர்; அவர்தானே வைக்க வேண்டும்? பூவைத் தன் நாத்தனார் கையில் கொடுத்து, "நீயே வச்சு விடு கோமதி" என்றார். கையா ஒடிந்து போயிற்று?

அவரிடம் படித்த ஒருத்தி அகிலாவின் பேங்கில் கேஷியராம். அவள் சொன்னாளாம்: "டீச்சர் தங்கமானவங்கதான். ஆனா போர்டுல மேல் பாதிய அவங்க தொட்டதே இல்ல. கீழ் பாதியிலயே எழுதி எழுதி அழிப்பாங்க." சோம்பேறித்தனத்தில் இப்படியும் ஒரு வகை.

என்னவோ, ஆடிக்கு முன்னால் நிச்சயம் என்று பேசி முடித்தாயிற்று. அகிலாவுக்குப் பிடித்திருக்கிறது. அது போதும்.

மே 6, செவ்வாய்

மதுரைக்குப் போனேன். தனியாக. துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். "பவுடர் போடாம வரச் சொன்னாங்களே?" என்றார். பழக்கதோஷம். நர்ஸ் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். "கையத் தூக்குங்க" என்றார் டாக்டர். நல்ல வெளிச்சத்தில், இன்னொருவர் முகத்துக்கு முன்னால், நான் வேலைக்காக இல்லாமல் கையைத் தூக்கியது இதுதான் முதல் தடவை. அவர் பக்கத்தில் குனிந்து பார்த்தார். மூச்சை அடக்கவில்லை. பேசிக்கொண்டே, சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டே பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐஸ்கிரீம் விழுந்த பிள்ளை மாதிரி அழுதேன்.

"வேர்வைக்குன்னு வாடை கிடையாதும்மா. தோல்ல இருக்கிற கிருமி அதச் சாப்பிடறதுலதான் வாடை வருது. சில பேருக்கு அந்தச் சுரப்பி ரொம்ப வேல செய்யும். இதுக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமில்ல" என்றார். ஊசி இருக்கிறதாம், சில மாதம் தாங்கும், மறுபடி போட வேண்டும். ஆபரேஷன் என்றால் அக்குள் மடிப்பில் சின்னதாகக் கீறி, தோலுக்கு அடியில் இருக்கிற சுரப்பிகளைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். தழும்பு இருக்கும். கொஞ்ச நாள் கையைத் தூக்கக் கூடாது. "நூத்துக்கு நூறு போயிரும்னு நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் போயிரும்."

நூற்றுக்கு முப்பத்தைந்து எடுத்தாலே பாஸ் என்று படித்தவள் நான். சரி என்று சொல்லிவிட்டேன்.

மே 7, புதன்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வலிக்குமா?" என்று மட்டும் கேட்டார். எதற்கு என்று கேட்கவில்லை.

மே 12, திங்கள்

முகூர்த்தம் இல்லாத நாட்களாகப் பார்த்து வரும் வியாழன் என்று முடிவாகிவிட்டது. அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியாது. சொல்லாமல் ஆஸ்பத்திரியில் படுத்தால் ஜென்மத்துக்கும் பேச மாட்டாள். போன் போட்டேன். நாக்கு நுனி வரை வந்தது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது? எனக்கு நாற்றம் அம்மா, அதைச் சுரண்டி எடுக்கப் போகிறேன் என்றா?

"அக்குள்ல சின்னதா கட்டி மாதிரி இருக்கும்மா. எடுத்துருவாங்க. ஒண்ணுமில்ல."

 "கட்டியா?" என்றாள்.

"சின்னதுதான்."

"சரி," என்றாள். "சரி. சரி."

மூன்று சரி. அம்மா ஒரு சரி சொன்னாலே அதிசயம்.

மே 16, வெள்ளி

நேற்று முடிந்தது. இரண்டு பக்கமும் பஞ்சை வைத்து இறுக்கித் தைத்துக் கட்டியிருக்கிறார்கள். முழங்கைக்குக் கீழே மட்டும்தான் எனக்குச் சொந்தம். இதை மேஜையில் கையை ஊன்றி எழுதுகிறேன். இடது பக்கம் கொஞ்சம் ரத்தம் கட்டியிருக்கிறது, தானாக வற்றிவிடும் என்றார் டாக்டர்.

வீட்டுக்காரர்தான் சடை பின்னினார். உர மூட்டைக்கு வாய் தைத்த மாதிரி இருக்கிறது.

மே 18, ஞாயிறு

காலையிலிருந்து ஆள் வரத்து. வீடு முழுக்க சாத்துக்குடி. ஹார்லிக்ஸ் பாட்டில்களை அடுக்கினால் கடை வைக்கலாம்.

முதலில் விசாலம் அத்தை. என் கன்னத்தைத் தடவிவிட்டு, "இப்பல்லாம் நல்ல நல்ல மருந்து வந்துருச்சு தாயி. அந்தக் காலம் மாதிரியா?" என்றார். ஒரு கட்டிக்கு எதற்கு இத்தனை மருந்து என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "முடிகூட எல்லாருக்கும் கொட்டுறதில்லையாம்" என்றார். அப்போதுதான் உறைத்தது.

"அத்தை, அதெல்லாம் இல்ல. சாதாரணக் கட்டிதான்."

"ஆமா ஆமா. சாதாரணக் கட்டிதான்" என்று தலையை ஆட்டினார். கண்ணில் தண்ணீர். "பிள்ளகுட்டி இல்லாததும் ஒரு வகைல நல்லதாப் போச்சுன்னு வச்சுக்க."

அவரைக் கடிக்கலாம் போல இருந்தது. கையைத் தூக்க முடிந்திருந்தால் வேறு ஏதாவது செய்திருப்பேன்.

மறுக்க மறுக்க வந்தவர்களுக்கெல்லாம் உறுதியாகிக்கொண்டே போனது. போகும்போது வாசலில் வைத்து யாரோ இவரிடம் கேட்டது காதில் விழுந்தது: "அவளுக்கு விஷயம் தெரியாதாப்பா?" இவர் உள்ளே வந்து, "நான் என்ன சொல்லட்டும் மங்கை?" என்றார். ஒன்றும் சொல்லாதீர்கள் என்றேன். கட்டை அவிழ்த்ததும் தானாக அடங்கிவிடும்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள். எல்லோரும் என் கட்டிலிலேயே, என்னை ஒட்டி உட்கார்ந்தார்கள். தோளில் சாய்த்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து இன்று வரை இத்தனை பேர் இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. அது நன்றாக இருந்தது.

மே 21, புதன்

அம்மா வந்தாள். தலையில் முக்காடு. வெயிலுக்கு என்று நினைத்தேன். சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள், முக்காடு நழுவியது. மொட்டை. சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

அம்மாவின் முடி இடுப்புக்குக் கீழே வரும். ஐம்பத்தெட்டு வயதிலும் பாதிதான் நரை. தெருவில் பெண்கள் எண்ணெய் ரகசியம் கேட்பார்கள், சொல்ல மாட்டாள்.

"பழனிக்குப் போய்ட்டு வந்தேன்" என்றாள். "உனக்கு ரிப்போர்ட் நல்லபடியா வந்தா முடி எறக்குறேன்னுதான் மொதல்ல வேண்டிக்கிட்டேன். அப்புறம் யோசிச்சேன். நீ குடு, நான் தாரேன்னு முருகன்கிட்டப் போயி பேரம் பேசுறதா? அதான் முன்னாடியே குடுத்துட்டேன். இனி அவன் பாடு."

எழுந்து கட்டிக்கொள்ளப் போனேன். கை பாதியிலேயே நின்றுவிட்டது. அம்மாவே வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அந்தச் சந்தனத் தலை என் கழுத்தில் சொரசொரவென்று உரசியது. அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "வெயில்ல ஏம்மா போனே" என்றுதான் வந்தது.

என்னைப் போல ஒரு கோழை இந்த ஜில்லாவில் கிடையாது.

மே 24, சனி

தையல் பிரிக்க இன்னும் நாள் இருக்கிறது. ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்க முடியாது. இவர் சமையல். ரசம் என்று ஒன்று வைத்தார். நல்ல மனதோடு வைத்தார்.

மே 28, புதன்

தையல் பிரித்தாயிற்று. காயம் நன்றாக ஆறியிருக்கிறது என்றார் டாக்டர். அந்தச் சந்தோஷம் பஸ்ஸில் திண்டுக்கல் வந்து சேர்கிற வரைதான்.

அம்மாவைப் பழனிப் படிக்கட்டிலேயே பார்த்திருக்கிறாள் அந்தக் கோமதி, அதுதான், பூ வைத்த நாத்தனார். "என்ன சம்பந்தியம்மா, திடீர்னு மொட்டை?" என்று கேட்டாளாம். அம்மாவுக்குப் பொய் வராது. "மூத்தவளுக்கு உடம்பு சரியில்ல, அக்குள்ல கட்டி" என்று சொல்லிவிட்டாள். கோமதி அதற்குப் பிறகு விசாலம் அத்தையைப் போன்ற யாரிடமோ மீதியை விசாரித்திருக்கிறாள். இன்று காலை மாப்பிள்ளையின் பெரியப்பா போன் செய்தாராம்: "நிச்சயத்தக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கலாம்னு நெனைக்கிறோம்."

தள்ளிப் போடலாம் என்றால் என்ன அர்த்தம் என்று கல்யாணத் தொழிலில் இருக்கிற எனக்குத் தெரியாதா? அக்காவுக்கு வந்தது நாளைக்குத் தங்கைக்கு வரும், பிறகு பேத்திக்கு வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். இன்னும் ஒன்றரை மாதம் போனால் ஆடி. ஆடி போனால் வேறு பெண்.

சாயங்காலம் அகிலா பேங்கிலிருந்து நேராக இங்கே வந்தாள். முகம் வீங்கியிருந்தது. கட்டிலில் உட்கார்ந்து என் விரலைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, ரிப்போர்ட்ல உண்மையிலேயே என்னதான் போட்டிருக்கு? எனக்காகக் கேக்கல. சத்தியமா உனக்காகத்தான் கேக்குறேன்."

அகிலாவுக்குப் பத்து வயது, எனக்குப் பதினான்கு. ஒரே பாயில் படுப்போம். ஒரு நாள் தலையணையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, "அக்கா பக்கத்துல படுக்க மாட்டேன், நாறுது" என்றாள். முதலில் சொன்னது அவள்தான். அன்றிலிருந்து நான் அடுப்படியில் படுத்தேன். அந்தப் பிள்ளை இன்று என்னை ஒட்டி உட்கார்ந்து என் உயிருக்குப் பயந்து அழுகிறது.

"நாளைக்கு அம்மாவக் கூட்டிக்கிட்டு வா" என்றேன்.

மே 29, வியாழன்

சொல்லிவிட்டேன். இரண்டு பேரையும் உட்கார வைத்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். கட்டி இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. வேர்வைக்கும் வாடைக்கும்தான் ஆபரேஷன்.

 அம்மாவின் கை மெதுவாக மேலே போய்த் தலையைத் தடவியது.

"இதுக்காடி நான் மொட்டை போட்டேன்?"

அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். தடவிக்கொண்டே இருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துப் புரையேறி, அதற்குப் பிறகு அழுதாள். "எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே? ஒன் யூனிபார்ம யாரு தொவச்சா? தனியா ஊற வச்சு, வேப்பிலத் தண்ணியில அலசுவேன். சொன்னா வருத்தப்படுவேன்னு சொல்லல."

அகிலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு நான் தலகாணியத் தூக்கிட்டுப் போனேனே, அதுனாலயாக்கா?"

அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. இல்லையென்று சொன்னேன். கொஞ்சம் ஆமாம்தான்.

மாப்பிள்ளை வீட்டில் நானே போய் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். அம்மா பதறிப் போனாள். "வாயக் கழுவு. கட்டியாவே இருந்துட்டுப் போகட்டும். கேன்சருன்னா பரிதாபப்படுவாக. இதச் சொன்னா சிரிப்பாக. மண்டபம் மண்டபமாப் பேசுவாக, ஒன் பொழப்பே போயிரும்."

"வேணாம்க்கா" என்றாள் அகிலாவும். "ஒன்ன ஊர் சிரிக்க வச்சிட்டு எனக்கு ஒரு கல்யாணமா? இந்த இடமே வேணாம்." சொல்லிவிட்டாளே தவிர, மடியில் இருந்த போன் ஒளிரும்போதெல்லாம் பார்த்தாள். பிரபாகர்தான்.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் போகப் போகிறேன்.

மே 30, வெள்ளி

பால் அடுப்பில் இருப்பதை மறந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். இவர் தெருமுனையில் வண்டியை நிறுத்தும்போதே "மங்கை, பால் அடிப்புடிக்குது" என்று கத்திக்கொண்டு வந்தார்.

தெருமுனையிலிருந்து. இதைப் பற்றி நான் இப்போது யோசிக்கப் போவதில்லை.

ஜூன் 1, ஞாயிறு

பெரியகுளம் போய் வந்தோம். நான், இவர், முக்காட்டோடு அம்மா.

ஹாலில் பெரியப்பா, கோமதி, பிரபாகர். ஜன்னலோரம், அதே கறுப்பு ஜாக்கெட்டில் ராஜேஸ்வரி டீச்சர். கோமதி என்னைப் பார்த்ததும், "எந்திரிச்சு நடமாடுறீங்களே, அதுவே பெருசு" என்றாள். அது போதுமாக இருந்தது எனக்கு, வாயைத் திறக்க.

"எனக்குக் கேன்சரும் இல்ல, கட்டியும் இல்ல. எனக்குச் சின்ன வயசிலேருந்து அக்குள்ல தாங்க முடியாம வேர்க்கும். நாத்தம் அடிக்கும். அந்தச் சுரப்பிய எடுக்கத்தான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். வெளிய சொல்ல வெக்கப்பட்டுக் கட்டின்னு சொல்லிட்டேன். எங்க அம்மாகிட்டயும் அதேதான் சொன்னேன். அதை நம்பித்தான் அவங்க முடி எறக்குனாங்க. என் பொய்க்கு என் தங்கச்சி என்ன பண்ணுவா?"

நாத்தம் என்கிற வார்த்தையை என்னைப் பற்றி நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை. மாமா முறை ஆகப்போகிற ஒரு ஆண்பிள்ளைக்கு முன்னால். பெரியப்பா சட்டென்று காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார். கோமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, அருவருப்பா தெரியவில்லை. என் காதெல்லாம் எரிந்தது. இவர் என் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"இதுக்கெல்லாமா ஆபரேஷன் பண்றாங்க?" என்றார் பெரியப்பா காலண்டரிடம். "டாக்டர் எழுதிக் குடுத்தது எதும் இருக்கா?"

இருக்கிறது என்று பையைத் திறந்தேன்.

"காகிதம் எதுக்கு?" என்றார் டீச்சர். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர். "பொய் சொல்றவங்க யாரும் இந்தப் பொய்யச் சொல்ல மாட்டாங்க."

அப்படிச் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். வரவே இல்லை. கோமதிதான் காபி கொண்டுவந்தாள். வரும்போது பிரபாகர் மட்டும் வண்டி வரை வந்து அம்மாவுக்குக் கதவைத் திறந்துவிட்டான்.

டீச்சர் என் முகத்தைப் பார்க்கக்கூட முடியாமல் எழுந்து போனார் என்றுதான் தோன்றுகிறது. அகிலாவிடம் என்ன சொல்வது?

ஜூன் 3, செவ்வாய்

போன் இல்லை.

ஜூன் 4, புதன்

போன் இல்லை. இட்லி மாவு புளித்துப் பொங்கி மேடையெல்லாம் வழிந்தது. துடைத்தேன்.

ஜூன் 6, வெள்ளி

போன் வந்தது. டீச்சரே அம்மாவிடம் பேசினாராம். இருபத்தேழாம் தேதி நிச்சயம், திண்டுக்கல்லிலேயே. "மருமகளுக்கு அலங்காரம் மங்கைதான் பண்ணணும், வேற ஆள வைக்காதீங்க" என்றாராம்.

அகிலா என்னைக் கட்டிப்பிடித்து அழுத அழுகையில் இடது பக்கக் காயம் விண்ணென்று வலித்தது. வலிக்கட்டும்.

ஜூன் 14, சனி

வெளிர் மஞ்சளில் ஒரு குர்தா வாங்கினேன். போட்டுக்கொண்டு மத்தியான வெயிலில் பஸ் ஸ்டாண்ட் வரை சும்மா நடந்துவிட்டு வந்தேன். இடது பக்கம் லேசாக ஈரம். மற்றபடி ஒன்றுமில்லை. இவர் பார்த்துவிட்டு, "மஞ்ச ஒனக்கு நல்லாருக்கு" என்றார். "அதுலயும் நல்லாத்தான் இருந்துச்சு" என்று கொடியில் கிடந்த கறுப்பைக் காட்டினார்.

சரி, யோசித்துவிட்டேன். உரக்கடைக்காரர் மூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த எட்டு வருஷமும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

நிச்சயம் முடிந்தது. நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன்.

அகிலாவுக்கு ஐலைனர் போட்டேன். கோடு முடிகிற வரை அவள் சீராக மூச்சு விட்டுக்கொண்டே இருந்தாள். வேண்டுமென்றே, எனக்குக் கேட்கிற மாதிரி. "போதும்டி, ரயில் இஞ்சின் மாதிரி விடாத, கோடு ஆடுது" என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்து, வரைந்ததை அழித்து மறுபடி வரைந்தேன்.

அவளை மேடைக்குக் கூட்டிப்போனார்கள். அம்மா அரை அங்குலம் முடி வளர்ந்த தலையோடு, முக்காடு இல்லாமல், பட்டுச்சேலையில் முன்னால் போனாள். கேட்டவர்களுக்கெல்லாம் "முருகனுக்கு ஒரு கடன் இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தபோது டீச்சர் உள்ளே வந்தார். கையில் ஒரு முழம் பூ.

"இத எனக்கு வச்சு விடுறியாம்மா?"

வைத்துவிட்டேன். கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு அகிலாவுக்கு நான் பூ வைக்கலேன்னு ஒனக்குக் கோவமாம்ல? பிரபா சொன்னான்."

அகிலாவின் வாயில் எதுவும் நிற்காது. "அப்பக் கொஞ்சம் இருந்துச்சு அத்தை" என்றேன்.

"பூ வைக்கணும்னா கையத் தூக்கணுமே."

பூவுக்கு இன்னொரு ஹேர்பின் குத்தினேன்.

"முப்பது வருஷம் போர்டுல மேல் பாதிய நான் தொட்டதில்ல. கீழ எழுதினா கடைசி பெஞ்சுப் பிள்ளைகளுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எழுதல. அதுல எத்தன பிள்ள கணக்குல பெயிலாப் போச்சோ." பவுடர் வாசனைக்கு அடியிலிருந்து, எனக்கு என் உடம்பைப் போலத் தெரிந்த அந்த வாடை இப்போதுதான் என் மூக்குக்கு எட்டியது. "நீ எங்க வீட்டுக்கு வந்து, அத்தன பேர் முன்னாடி, அந்த வார்த்தையச் சொன்ன பாரு. எனக்கு ஒக்கார முடியல. உள்ள போயி அழுதேன். எங்க வீட்டுக்காரர் இருந்த வரைக்கும் அவர்கிட்டக்கூட நான் அதச் சொன்னதில்ல."

ஜன்னலோர ஸ்டூல், முழங்கை வரை கறுப்பு ஜாக்கெட், ஒடுக்கிய கைகள். அத்தனையும் என் வித்தைகள். ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் அவரைத் திமிர் பிடித்தவர் என்று எழுதாத குறையாக எழுதி வைத்திருக்கிறேன்.

வெளியே மேளம் தொடங்கிவிட்டது. சம்பந்தியம்மாவைக் காணோம் என்று கோமதி கூப்பிடுவது கேட்டது. டீச்சர் நகரவில்லை.

"எனக்கு அறுவத்திரெண்டு ஆச்சு. இந்த வயசுல பண்ணுவாங்களாம்மா அத?"

"டாக்டர்கிட்டக் கேப்போம் அத்தை. நானே கூட்டிக்கிட்டுப் போறேன்."

கதவைத் தாழ்போட்டேன். அவரை டியூப்லைட்டுக்கு அடியில் உட்கார வைத்தேன்.

"கையத் தூக்குங்க, பாப்போம்" என்றேன்.

 டீச்சர் மெதுவாக, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். நான் பக்கத்தில் குனிந்து பார்த்தேன், சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டே.